சிஸ்கோ 1841-க்கு மெமரி எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) பயிற்சிக்காக இரண்டு பழைய சிஸ்கோ 1841 ரவுட்டர்கள் வாங்கினேன். 256 எம்பி என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒன்றில் சரியாக இருக்கிறது. மற்றதில் 'ஷோ வெர்ஷன்' கட்டளை கொடுத்தால் மெமரி அளவு 114688K/16384K என்று வருகிறது. கூட்டினால் 128 எம்பிதான். மூடியைத் திறந்தால் மெமரி செருகும் இடம் காலி! விற்றவரோ இப்போது போனையே எடுப்பதில்லை.

ரவுட்டரின் இயங்குதளமான சிஸ்கோ ஐஓஎஸ் 12.4 ஓடுகிறது, ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதை கண்டறியும் நெறிமுறை) பழக அதுவே தாராளம். ஆனால் இந்த மாடலுக்கு வந்த கடைசி வரிசையான 15.1-ஐ ஏற்ற ஆசை. போர்டில் இருக்கும் 128-உடன் 256 சேர்த்தால் உச்ச அளவான 384 ஆகிவிடும்.

இதற்கென்றே வரும் மெமரிதான் வேண்டுமா, வேறு நிறுவனத்தின் மலிவான மெமரி போட்டு யாருக்காவது ஓடியிருக்கிறதா? ஐஓஎஸ் ஃபைலை வைக்க, பழைய கேமராவின் 128 எம்பி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ரவுட்டரிலேயே ஃபார்மட் செய்து பயன்படுத்தலாமா? சென்னை ரிச்சி தெருவில் இவை கிடைக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.

கணினியிலேயே ரவுட்டரைப் போலச் செய்து பழகும் ஜிஎன்எஸ்3 மென்பொருள் போதுமே என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதுவும் வைத்திருக்கிறேன், கேபிள் செருகிப் பழகத்தான் இத்தனை பாடு.