சின்ன இன்ஜினா, பெரிய இன்ஜினா? பிக்கப் ஓட்டுகிறவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒட்டன்சத்திரம் லோடு:
இன்ஜின் சின்னதா பெரியதா என்றாலே எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், எனக்கு இறக்கத்தில் நடந்ததுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு பெருமாள்மலை தாண்டி பழனி ரோட்டில் இறங்குகிறேன். வண்டி பெயர் வேண்டாம், ரெண்டு சிலிண்டர், 800 சிசிக்குக் கீழே, மார்க்கெட்டில் நிறையப் பேர் வைத்திருக்கும் ரகம். எங்கள் தொழிலில் மேலே போகும்போது வண்டி காலி, அதனால் ஒரு குறையும் தெரியாது. கீழே வரும்போதுதான் முழு லோடு. செகண்ட் கியரில் போட்டும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, நானும் பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டு வருகிறேன். ஒரு கொண்டை ஊசியில் எதிரே பஸ். மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது, கருகல் வாடை வேறு. பஸ் டிரைவர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, வளைவுக்கு முன்னாலேயே ஒதுக்கி நிறுத்திவிட்டு, கையை மட்டும் வெளியே நீட்டி ‘போ, போ’ என்று ஆட்டினார். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது 1500 சிசி, நாலு சிலிண்டர். அதே ரோடு, அதே லோடு, செகண்டில் விட்டால் இன்ஜினே இழுத்துப் பிடிக்கிறது. இதற்காகத்தான் மாற்றினேன், வேகத்துக்காக இல்லை.

எஸ்டேட்வாசி:
லிட்டரை வைத்துச் சின்னது பெரியது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் எஸ்டேட்டில் இசுசு டி-மேக்ஸ் ரெண்டு நிற்கிறது. எஸ்-கேப் 2.5 லிட்டர், 78 குதிரைசக்தி. வி-கிராஸ் 1.9 லிட்டர், 163. இதில் எது பெரிய இன்ஜின், சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆனால் எங்கள் பெரியவர் இருக்கிறாரே, 2.5-ஐயே ஓட்டிப் பழகியவர், அவரை ஒருநாள் 1.9-ல் உட்கார வைத்தோம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுகிறோம், 40 வளைவில் 9-வது, லோம்ஸ் வியூ. ஒரு வரையாடு நடு ரோட்டில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது, சுற்றிலும் செல்ஃபோனோடு சுற்றுலாக்காரர்கள். அது நகர்ந்ததும் பெரியவர் பழைய வண்டிக்கு விடுவதுபோல ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை விட்டார், வண்டி நின்றுபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது. பின்னால் வரிசையாக ஹாரன். 1.9-க்கு டார்க், அதாவது சுழற்றும் விசை, 360 நியூட்டன் மீட்டர், ஆனால் இன்ஜின் 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2000 சுற்று) தொட்ட பிறகுதான் அது முழுசாகக் கையில் வரும். 2.5-ல் வெறும் 176, அது 1500-லேயே வந்துவிடும். பெரியவர் இறங்கி என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, “இதைக் கெஞ்சி ஓட்ட என்னால் ஆகாதுங்க” என்றார். அதற்கப்புறம் அந்த வண்டியை அவர் தொடவே இல்லை. எனக்கு 1.9தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

டர்போ தம்பி:
ஒட்டன்சத்திரம் அண்ணே, தப்பாக எடுத்துக்காதீங்க. எத்தனை கிலோ ஏற்றினீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே? டாடா இன்ட்ராவையே எடுத்துக்கொள்வோம். வி10 என்பது 798 சிசி, 44 குதிரைசக்தி, சுமை 1,000 கிலோ. வி30 என்பது 1496 சிசி, 70 குதிரைசக்தி, சுமை 1,300 கிலோ. இன்ஜின் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, சுமை 300 கிலோதான் கூடுகிறது. மிச்ச பலம் எதற்கு? மலைக்குத்தான். அதையும் மூட்டையாக மாற்றி ஏற்றினால் பெரிய இன்ஜினும் பழைய கதைதான். டீசலில் பெட்ரோல் மாதிரி காற்றை அடைத்துப் பிடிக்கும் த்ராட்டில் பெரும்பாலும் வேலை செய்யாது, அதனால் இன்ஜின் பிடிப்பு இயல்பிலேயே குறைவு, சிசி குறைந்தால் இன்னும் குறையும், அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது நம் அப்பா காலத்து டிரைவர்கள் சொன்னது, அந்த வளைவுக்கு ஃபர்ஸ்ட். அப்புறம் பிரேக் ஆயில், அதை யாருமே மாற்றுவதில்லை, ஈரம் இழுத்த ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் உள்ளேதான் போகும். அப்புறம் ஓவர்லோடு, 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. வண்டி எடுப்பதற்கு முன்னால் டெஸ்ட் டிரைவில் மூட்டை ஏற்றி ஓட்டிப் பாருங்கள், காலி வண்டியை ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. இன்சூரன்ஸ் விஷயமும் இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஒட்டன்சத்திரம் லோடு:
தம்பி, வியாபாரி மூட்டையை எண்ணித்தான் ஏற்றுவான், எடை போட்டு இல்லை. ஃபர்ஸ்டில் இறக்கினால் சந்தை முடிந்த பிறகுதான் போய்ச் சேருவேன்.

நாகை மீன்வண்டி:
இங்கே மலையே இல்லை சாமி. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வரைக்கும் பாய் விரித்த மாதிரி ரோடு. எனக்கு 800 சிசி போதும், டீசல் மிச்சம், மாதத் தவணையும் கம்மி. அன்றைக்கு ஒரு கூத்து. விடியற்காலையில் துறைமுகச் சரிவுப்பாதை முழுக்க மீன் தண்ணியும் ஐஸும். பெரிய இன்ஜின் வாங்கிய கூட்டாளி காலி வண்டியோடு மேலே ஏறப் பார்த்தான், பின் சக்கரம் அங்கேயே சுற்றுகிறது, முறுக்க முறுக்க வழுக்கிப் பின்னால் வருகிறான். நான் பெட்டி ஏற்றி முடித்துவிட்டு அவன் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு ஏறினேன். பின்னால் கனம் இருந்தால்தானே சக்கரம் பிடிக்கும். ஏலக்கார அம்மா ஒருத்தர் “உன் பெரிய வண்டிக்கு நாலு பெட்டி கடன் கொடுக்கட்டுமா” என்று கேட்டதில் அவன் ஒரு வாரம் எங்களோடு டீ குடிக்க வரவில்லை.

ஸ்கார்பரோ மாமா:
கனடாவிலிருந்து எழுதுறேன். இங்கே ஃபோர்ட் எஃப்-150-ல் 2.7 லிட்டரைத்தான் சின்ன இன்ஜின் என்பார்கள், சிரிக்காதேங்கோ. கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டரும் பந்தல் கம்பியும் ட்ரெய்லரில் இழுக்க வேணும் எண்டு மச்சான் 5.0 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், வாங்கினார், நான் 2.7. ரெண்டிலும் அதே ட்ரெய்லரைப் பூட்டிப் பார்த்தோம். ஹைவேயில் ஏறும் வளைவில் அவருடையது உறுமிக்கொண்டு கியரைக் குறைத்தது, என்னுடையது சத்தமில்லாமல் போனது. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இருப்பதால் 2.7-க்கு உச்ச டார்க் 3000 ஆர்பிஎம்மிலேயே, வி8-க்கு 4250-ல். மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. “சத்தத்தைக் கேள்” என்கிறார். சத்தம் நல்லாத்தான் இருக்குது.

எஸ்டேட்வாசி:
டர்போ தம்பி, உங்கள் இன்சூரன்ஸ் கட்டுரை மெதுவாக வரட்டும். மூட்டை ஏற்றி டெஸ்ட் டிரைவ் போக எந்த ஷோரூமில் விட்டார்கள், அதை முதலில் சொல்லுங்கள்.

டர்போ தம்பி:
எங்கேயும் விடவில்லை சார். சித்தப்பா வண்டியில் சிமெண்ட் மூட்டை ஏற்றிப் பார்த்தேன்.