பேஜ் கேஷ் (ஒருதரம் கட்டின பக்கத்தைச் சேமிச்சு வச்சு அப்படியே திரும்பக் குடுக்கிறது) போட்டவங்க அனுபவம் சொல்லுங்க

ஹட்டனிலிருந்து:
எல்லவில ஒரு அக்கா நடத்துற ஹோம்ஸ்டேயோட வேர்ட்பிரஸ் தளத்தை நான்தான் பாத்துக்கிறேன். வர்ற ஆளுங்கள்ல நிறையப் பேர் நானுஓயாவில ரயில் ஏறின பிறகுதான் அறை தேடுவாங்க. பட்டிப்பொல பக்கம் சுரங்கத்துக்குள்ள பூந்தா சிக்னல் போயிரும். வெளிய வர்ற கொஞ்ச நேரத்துல பக்கம் திறக்கலன்னா வேற இடம் பாத்துருவாங்க.

சிக்னலை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. மலிவான ஷேர்ட் ஹோஸ்டிங், அதாவது ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கு போடும். ஆள் வர வர பிஎச்பி (வேர்ட்பிரஸை எழுதின நிரல்மொழி) ஓடி, டேட்டாபேஸைக் கேட்டு, அதே பக்கத்தைத் திரும்பக் கட்டிக்கிட்டே இருந்துச்சு. பக்கத்தைக் கேட்டதுலருந்து சர்வரோட பதில்ல முதல் பைட் 0.8 செக்கனுக்குள்ள வந்தா நல்லதுன்னு கூகுள் சொல்லுது. நம்ம தளம் அதுக்கு ரொம்பத் தூரம். சர்வர்ல ஓடுற மென்பொருள் லைட்ஸ்பீட்னு தெரிஞ்சதும் லைட்ஸ்பீட் கேஷ் பிளகினைப் போட்டேன். (வேற சர்வர்னா அதோட பேஜ் கேஷ் வேலை செய்யாது, டபிள்யூபி சூப்பர் கேஷ் பிளகின் போதும்.) லொகின் பண்ணாம ஹெடரைப் (பக்கத்தோட சேர்த்து சர்வர் அனுப்புற குறிப்பு) பாருங்க: முதல்ல 'மிஸ்', திரும்பத் திறந்தா 'ஹிட்'. ஹிட் வந்தா பிஎச்பி எழும்பவே இல்லன்னு அர்த்தம்.

பண்டாரவளையிலிருந்து:
வேகம் வந்துச்சு, சரி. எங்க தளத்துல புக்கிங் ஃபோர்ம் படுத்துருச்சு. கேஷை அழிச்ச அன்னைக்கு நல்லா வேலை செய்யும், மறுநாள் "காலாவதி"ன்னு திருப்பி விடும். வேர்ட்பிரஸ் ஃபோர்முக்குள்ள ஒளிச்சு வைக்கிற நொன்ஸ்ங்கிற பாதுகாப்புக் குறியீடு அதிகபட்சம் 24 மணி நேரம்தான் செல்லும், சிலநேரம் 12லயே செத்துரும். கேஷ் பண்ணின பக்கமோ ஒரு வாரம் அப்படியே கிடக்குது! கேஷ் ஆயுளை 10 மணி நேரமாக்கி, புக்கிங் பக்கத்தை கேஷ்லருந்தே விலக்கினேன். அதுக்கப்புறம் புகார் இல்ல.

நுவரெலியாவிலிருந்து:
கிளவுட்ஃபிளேர் (தளத்துக்கு முன்னால நின்னு தன்னோட சர்வர்லருந்து ஃபைல்களைக் குடுக்கிற சேவை) போட்டா எல்லாம் தானா கேஷ் ஆகும்னு நம்பாதீங்க அண்ணே. படம், சிஎஸ்எஸ் மாதிரி ஃபைல்கள்தான் தானா சேரும். எச்டிஎம்எல் பக்கத்துக்கு ஹெடர்ல 'டைனமிக்'னுதான் வரும். அதுக்குத் தனியா கேஷ் ரூல் எழுதணும். கேமராவில எடுத்த லிப்டன் சீட் படத்தை அப்படியே ஏத்தி வச்சிருந்தா எந்த பேஜ் கேஷும் அதை இளைக்க வைக்காது. வெப்பிங்கிற அளவு குறைஞ்ச பட வடிவத்துக்கு மாத்திருங்க.

ஹட்டனிலிருந்து:
நன்றி தம்பி. இன்னொண்ணு: சீசனுக்கு விலை மாத்தினா, மாத்தின பக்கத்தோட கேஷைப் பிளகினே அழிச்சிரும். ஆனா அதே விலையைக் கையால டைப் பண்ணி வச்ச முகப்புல பழசுதான் நிக்கும். கேஷை அழிச்சாலும் அது மாறாது, முகப்பையும் கையாலயே திருத்தணும்னு அக்காவுக்குக் காட்டிக் குடுத்துட்டேன்.