68 ஜிடிஓவைக் கொடுத்துவிட்டு 72 செவி பிக்கப் வாங்கலாமா? நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்

பச்சை ஆடு (டாலஸ் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவதுதான் குறைவு. ஒரு மாசமாக மண்டையைக் குடைகிற விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 1968 பான்டியாக் ஜிடிஓ இருக்கிறது. வெர்டோரோ பச்சை, 400 கன அங்குல இன்ஜின், ஆட்டோமேட்டிக், மூடி போட்ட ஹெட்லைட். 2009இல் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஒருவரிடம் வாங்கினேன், பான்டியாக்கையே மூடப்போகிறோம் என்று ஜிஎம் அறிவித்த அதே வருஷம். அந்த மூடியைத் திறப்பது இன்ஜின் வேக்குவம், அது எங்கேயோ கசிகிறது, அதனால் வலது ஹெட்லைட் மூடி இடதைவிட இரண்டு வினாடி தாமதமாகத்தான் திறக்கும். பாதியில் நின்று யோசித்துவிட்டுத் திறக்கும், திண்ணையில் தூங்கும் தாத்தா சத்தம் கேட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாரே, அப்படி. மூன்று தடவை குழாய் மாற்றியும் சரியாகவில்லை, இப்போதெல்லாம் அதை விட்டுவிட்டேன்.

பிரச்சினை என்னவென்றால் வண்டியை ஓட்டுவதே இல்லை. போன வருஷம் மொத்தம் 340 மைல். கடைக்கு எடுத்துப் போனால் நிறுத்திவிட்டு உள்ளே போக மனசு வராது, யார் கதவைத் திறந்து இடிப்பார்களோ என்று ஜன்னல் பக்கமே நின்றுகொண்டிருப்பேன். முதுகும் முன்போல் இல்லை.

இப்போது மெக்கின்னியில் ஒருவர் தன் 1972 செவர்லே சி10 பிக்கப்பை, அதுவும் உயர்ரக ஷையன் மாடலை, கொடுக்கிறேன், உன் ஜிடிஓவைக் கொடு, காசு வேண்டாம் என்கிறார். குட்டை பெட் (பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி), 350 வி8, ஆரஞ்சும் வெள்ளையும். பார்க்கக் கண்ணுக்கு அவ்வளவு அழகு. நான் நாமக்கல்காரன், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவேன். அந்த பிக்கப்பில் ஏறி நீள சீட்டில் உட்கார்ந்து ஜன்னலில் முழங்கையை வைத்ததும், ரெக்ஸினும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை வந்ததும், சரி கொடுத்துவிடலாம் என்றே தோன்றிவிட்டது. மனைவியும் அந்தக் கட்சிதான். முருங்கைக்கு மண் கொண்டுவர நாலு வருஷமாக வாடகை வண்டிக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார் என்கிறாள்.

செய்யலாமா? இப்படி மாற்றிக்கொண்டு பிறகு வருத்தப்பட்டவர்கள், படாதவர்கள், இரண்டு பேரும் சொல்லுங்கள்.

சிலிண்டர் சித்தப்பா (மிச்சிகன்)

தம்பி, வாசனைக்கு வண்டியைக் கொடுக்காதே. அந்த வருஷ சி10இல் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே, கேபினுக்குள்ளேயேதான் இருக்கும். வாசனை வந்தால் ரப்பர் குழாயோ மூடியோ போயிருக்கிறது என்று அர்த்தம், ஞாபகார்த்தம் என்று அர்த்தம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வண்டி உண்மையான ஜிடிஓதானா என்று யாரும் அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம், சேசிஸ் எண் 242 என்று தொடங்கினால் ஜிடிஓ, 237 என்றால் பான்டியாக்கின் சாதா மாடலான லெமான்ஸுக்கு வேஷம் போட்டது. அதற்கு மேல் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்குக் காசு கட்டினால் அந்த வண்டி ஃபேக்டரியை விட்டு வந்தபோது போட்ட பில்லின் நகலையே அனுப்புவார்கள். 68இல் 87,684 ஜிடிஓ விற்றது, அபூர்வ வண்டி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிற வண்டி. பிக்கப் அப்படி இல்லை. அது உழைக்கப் பிறந்தது, ஐம்பது வருஷத்தில் இன்ஜின், பெட், பேட்ஜ், சீட் எல்லாம் மாறியிருக்கும், ஷையன் என்ற எழுத்தை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம்.

போய் மூன்று விஷயம் பார். சேசிஸ் எண்ணில் மூன்றாவது எழுத்து: இ என்றால் பிறவியிலேயே வி8, எஸ் என்றால் ஆறு சிலிண்டராகப் பிறந்து பிறகு 350 ஏறியது. அப்புறம் கிளவ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும், வண்டிக்கு ஃபேக்டரியில் என்னென்ன போட்டார்கள் என்று அதில் இருக்கும், வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளம், 115 அங்குலமா (குட்டை பெட்) 127ஆ (நீள பெட்) என்பதும். குட்டை பெட்டுக்குத்தான் மவுசு, அதனால் நீள பெட் வண்டியின் ஃப்ரேமில் 12 அங்குலத்தை வெட்டி எடுத்து ஒட்டுகிறார்கள். நன்றாகச் செய்தால் தப்பில்லை, ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும். கீழே படுத்து ஃப்ரேமைப் பார், கேபினுக்குப் பின்னால் வெல்டிங் தழும்பு இருந்தால் தெரிந்துவிடும்.

ஆஸ்டின் கார்த்தி

சித்தப்பா சொல்வதெல்லாம் சரி, ஆனால் அவர் வண்டியை பத்திரம் மாதிரி பார்க்கிறார், எல்லோருக்கும் அது ஒத்துவராது. நான் மூன்று வருஷம் முன்னால் 70 செவெல் (செவர்லேயின் கார்) ஒன்றை விற்று 71 சி10 வாங்கினேன், நீள பெட், பெயின்ட் வெளுத்துப் போனது, கதவில் எவனோ பழைய முதலாளி எழுதிய பண்ணையின் பெயர் இன்னும் மங்கலாகத் தெரியும். ஒரு நாள் கூட வருத்தப்படவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஓட்டுகிறேன். மழையில் ஓட்டுகிறேன்! கீறல் விழுந்தால் பக்கத்தில் இன்னொரு கீறல், அவ்வளவுதான். செவெல் இருந்தபோது நான் வாட்ச்மேன்.

ஓட்டுவதைப் பற்றி: செவி சி10இல் பின்னால் பெரும்பாலும் காயில் ஸ்பிரிங், லாரியில் வருகிற பட்டை ஸ்பிரிங் இல்லை, அதனால் வெறும் வண்டியாகப் போகும்போதும் தூக்கிப் போடாது. பின் அச்சை நீளக் கைகளால் பிடித்திருக்கும் அந்த ட்ரெயிலிங் ஆர்ம் அமைப்பைத்தான் நாஸ்கார் பந்தய வண்டிகளில் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார்கள். 71இலிருந்து முன் பிரேக் டிஸ்க்தான், 72 என்பதால் அதில் உங்களுக்குக் கவலை இல்லை (உங்கள் ஜிடிஓவில் முன்னால் டிரம் என்றால் நிறுத்துவதில் பிக்கப்பே மேல்). ஓவர்டிரைவ் இல்லாத மூன்று கியர் ஆட்டோமேட்டிக்காக இருந்தால் ஹைவேயில் 70க்கு மேல் கத்தும். மைலேஜில் இரண்டும் ஒன்றுதான், அதாவது ஒன்றுமில்லை. ஒரே லாபம், 68 ஜிடிஓவின் கம்ப்ரஷன் 10.75, அதற்கு 93 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும், பிக்கப் சாதா பெட்ரோலைக் குடித்துவிட்டுப் போகும். ஏசி வேலை செய்கிறதா என்று கேட்டீர்களா? ஆகஸ்டில் முழங்கையை ஜன்னலில் வைத்தால் அப்பளம்தான்.

ராஜி (ஒஹாயோ)

யாருமே கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அண்ணா, வீட்டில் நீங்கள் எத்தனை பேர்? அந்த கேபினில் மூன்று பேர்தான். பிள்ளைகள் இருந்தால் நம்மூர் மாதிரி பின்னால் ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது, டெக்சாஸில் 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களைத் திறந்த பெட்டில் வைத்து ஓட்டுவது, சில விலக்குகள் தவிர, குற்றம்.

அடுத்தது துரு. எங்கள் வீட்டுக்காரர் வாங்கிய 69 வண்டி படத்தில் பளபள என்று இருந்தது, வீட்டுக்கு வந்து ஆறு மாசத்தில் கதவுக்குப் பின்னால் கேபின் மூலையில் பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பியது. நகத்தால் சுரண்டினேன், பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து கையோடு வந்தது. அரை அங்குலம் பட்டி. பட்டிக்குப் பின்னால் தகரமே இல்லை, பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து அதன்மேல் பூசியிருந்தார்கள்! டிங்கரிங் ஆள் அந்தத் தாளை எடுத்து விரித்துப் படித்துக்கொண்டிருந்தார், எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கேபின் மூலை இரண்டும், கதவுக்குக் கீழே உள்ள ராக்கர், முன் கண்ணாடிக்குக் கீழே, மழைத் தண்ணீர் ஓடும் விளிம்பு. கால் மிதியைத் தூக்கித் தரையையும் பாருங்கள். ஆரஞ்சு வெள்ளை எல்லாம் புதுசாக அடித்த பெயின்ட் என்றால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும், மன்னிக்கவும், சூடு கண்ட பூனை.

கணக்கு வாத்தியார்

சுருக்கமாக. டெக்சாஸில் காசு கைமாறாமல் இரண்டு தனியார் வண்டியை வண்டிக்கு மாற்றினால் ஆளுக்கு 5 டாலர்தான் வரி, வண்டியைப் பெயர் மாற்றும் 130-யூ படிவத்திலேயே ஈவன் ட்ரேட் (சரிக்குச் சரி மாற்று) என்று ஒரு கட்டம் இருக்கிறது. நடுவில் பணம் வந்தால் அது ஈவன் ட்ரேட் இல்லை, 6.25 சதவீதக் கணக்கு ஆரம்பிக்கும்.

மத்திய அரசுப் பக்கம்தான் பலர் சறுக்குகிறார்கள். மாற்றிக்கொண்டால் லாபத்துக்கு வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 2018இலிருந்து அந்தச் சலுகை நிலம், கட்டடத்துக்கு மட்டும்தான். 2009 விலையைவிட வண்டி இப்போது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஆடிட்டரிடம் சொல்லி வையுங்கள்.

இன்சூரன்ஸ்: பழைய வண்டிக்கு மதிப்பைப் பேசி முடித்துப் போடும் பாலிசிகள், தினசரி ஓட்ட வேறு வண்டி இருக்க வேண்டும் என்றும், இதை வேலைக்கோ தினப்படி போக்குவரத்துக்கோ வைக்கக்கூடாது என்றும்தான் பெரும்பாலும் சொல்லும். வாரா வாரம் மண் மூட்டை ஏற்றத்தான் பிக்கப் என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நம்பர் பிளேட்டிலும் அதே கதை, ஆன்டிக் பிளேட் கண்காட்சி, ஊர்வலம், கிளப் வேலைகளுக்கு, சாதாரணமாக ஓட்ட கிளாசிக் பிளேட் வாங்க வேண்டும்.

பச்சை ஆடு

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காந்தத்தோடு போய்விட்டு வந்தேன்.

ராஜி, நாங்கள் நாலு பேர், ஆனால் பெரியவன் இந்த ஆகஸ்டில் காலேஜுக்குப் போகிறான், அதனால் மூன்று என்றே கணக்குப் போட்டிருந்தேன். இதை அவனிடம் சொன்னபோது முகம் போன போக்கு சரியில்லை. ஜிடிஓ அவனுக்கு என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை, அவனாக நினைத்துக்கொண்டிருக்கிறான் போல.

வண்டிக்கு வருகிறேன். மூன்றாவது எழுத்து எஸ். கேட்டால், எனக்குத் தெரியாது, நான் வாங்கும்போதே 350தான் இருந்தது என்றார், இருக்கலாம், நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், டீ கூடப் போட்டுக் கொடுத்தார். கிளவ் பாக்ஸ் மூடி புதுசு, அதில் தாள் கிடையாது. இடது கேபின் மூலையில் காந்தம் பிடித்தது, வலது மூலையில் வைத்தேன், நேராகக் கீழே விழுந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஃப்ரேமில் தழும்பு இல்லை, குட்டை பெட் உண்மைதான் போலிருக்கிறது. ஏசி இல்லை, கார்த்தி.

மேலே அவர் எனக்குக் கொஞ்சம் பணம் தந்தால் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பேசிச் சொல்கிறேன் என்றார், இன்னும் பேசவில்லை.

சிலிண்டர் சித்தப்பா (மிச்சிகன்)

நல்லது. இப்போது ஒன்று கேட்கிறேன், உனக்கு வேண்டியது ஓட்டுகிற பிக்கப்தானே? கார்த்தி வைத்திருப்பது போல, வெளுத்த பெயின்ட், நீள பெட். அதற்கு ஜிடிஓவை ஏன் கொடுக்க வேண்டும்? நீள பெட் வண்டிக்கு விலையும் குறைவு, மண் மூட்டையும் கூடுதலாக ஏறும். நீ ஷோ பிக்கப்பைப் பார்த்து மயங்கியிருக்கிறாய், அதை வாங்கினால் அதற்கும் கடை வாசலில் காவல் நிற்பாய்.

ஆஸ்டின் கார்த்தி

இதில் சித்தப்பாவோடு ஒத்துப்போகிறேன், தேதியைக் குறித்து வையுங்கள். ஆனால் இரண்டுக்கும் கராஜில் இடம் இருக்கிறதா?

பச்சை ஆடு

இல்லை. பிக்கப் வெளியேதான் நிற்கும், அதற்கு வீட்டுக் காலனி சங்கத்தார் என்ன சொல்வார்களோ. மனைவியிடம் சித்தப்பா எழுதியதைப் படித்துக் காட்டினேன், முருங்கைக்கு மண் வந்தால் சரி, எந்த வண்டியில் வந்தால் என்ன என்றாள்.

டென்டன் பக்கம் ஒரு 70 இருக்கிறதாம், ஆறு சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்தில் கியர், நீள பெட். படத்தில் பார்த்தால் பானெட் ஒரு நிறம், கதவு ஒரு நிறம். சனிக்கிழமை போகிறேன். பெரியவனும் வருகிறேன் என்கிறான், காந்தம் அவன் பையில் இருக்கிறது.