மாடு, ஆடுகளின் குடலைக் கெடுக்கும் ஜோனிஸ் என்ற தொற்றுநோயை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கால்நடை மருத்துவர்

மூன்றாம் ஈற்றுக் கலப்பினப் பசு. குடற்புழு மருந்து, கழிச்சல் மருந்து எல்லாம் கொடுத்தாயிற்று. நாலு நாள் நிற்கும், மறுபடி பீய்ச்சும். தாடைக்குக் கீழே நீர் கோத்துவிட்டது. "தீனி ஒரு பிடிகூடக் குறையவில்லை டாக்டர், உடம்பில்தான் ஒட்ட மாட்டேன் என்கிறது" என்றார் வீட்டுக்கார அம்மா.

இறந்த பின் அறுத்துப் பார்த்தோம். சிறுகுடலின் கடைப்பகுதியைக் கழுவி, இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தேன். சாதாரணக் குடல் என்றால் மடிப்பு விரிந்து வழவழப்பாகிவிடும். இது விரியவே இல்லை. சுவர் பல மடங்கு தடித்து, உட்புறம் மூளை மடிப்பைப் போல் சுருண்டு கிடந்தது. தின்ற தீனியின் சத்து இந்தச் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குப் போக வழியே இல்லை.

அதுகூடப் போகட்டும். பக்கத்தில் அதே பசு ஈன்ற கிடேரி, தலைச்சினை, பளபளவென்று நின்றது. "இதுவாவது நன்றாக இருக்கிறதே" என்று அந்த அம்மா அதன் முதுகைத் தடவினார். கன்றாக இருக்கும்போது புகுகிற கிருமி வெளியே தலைகாட்ட இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும், சில மாடுகளில் அதற்கு மேலும் ஆகும். அந்தக் கிடேரி தாயின் மடியில்தான் குடித்து வளர்ந்தது. சாணத்தைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னேன். அவர் கை அதன் முதுகிலேயே இருந்தது.

ஆய்வகத்துக்காரன்

டாக்டர் அனுப்பச் சொன்ன சாணம் எங்களைப் போன்றவர்களிடம்தான் வரும். முட்டை மஞ்சள் கரு ஊடகத்தில் இட்டு, 37 டிகிரியில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். சாதாரணக் குடல் கிருமி ஓர் இரவில் வளர்ந்துவிடும். இதற்கு இரண்டு மாதம் முதல் நான்கு மாதம் வரை ஆகும்.

1895இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் ஜோனே, ஃப்ராதிங்ஹாம் என்ற ஆய்வாளர்கள் இந்தக் கிருமியைக் குடல் திசுவில் பார்த்துவிட்டார்கள். ஆனால் அதை வளர்க்க 1910க்குப் பிறகுதான் முடிந்தது. இது காசநோய்க் கிருமியின் இனமான மைக்கோபாக்டீரியம். ட்வார்ட், இன்கிராம் என்ற ஆய்வாளர்கள் புல்லில் வாழும் வேறொரு மைக்கோபாக்டீரியத்தின் சாற்றை ஊடகத்தில் சேர்த்தபோதுதான் இது வளர்ந்தது. இரும்பைப் பிடித்துத் தரும் மைக்கோபாக்டின் என்ற பொருள் இதற்கு வெளியிலிருந்து வேண்டும். தானே போதுமான அளவு செய்துகொள்ளாது.

ஒரு பண்ணை மாதிரியில் மைக்கோபாக்டின் சேர்த்த குழாயில் மட்டும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் வந்தன. சேர்க்காத குழாய் வெறுமையாக இருந்தது. சாயமேற்றினேன்: நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்கள், கொத்துக் கொத்தாக. இந்தக் கிருமியின் ஐஎஸ்900 என்ற மரபணுத் துண்டைத் தேடும் பிசிஆர் சோதனையும் உறுதி செய்தது. உடனே பண்ணையை அழைத்தேன். "அந்த மாடா? சந்தையில் விற்று இரண்டு மாதம் ஆகிறதே" என்றார்கள். யார் வாங்கினார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. இன்று எந்தத் தொழுவத்தில் சாணம் போடுகிறதோ!

வெள்ளாட்டுப் பட்டி

இருவரும் மாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கழிச்சலைத் தேடினால் ஆட்டில் இந்த நோயைக் காணவே முடியாது. என் பெட்டை ஆடு கடைசி வாரம் வரை புழுக்கைதான் போட்டது. முதுகெலும்பு மட்டும் கத்தி விளிம்பாகத் துருத்திக்கொண்டு வந்தது. பார்த்தவர் எல்லாம் பல் தேய்ந்துவிட்டது, வயதாகிவிட்டது என்றார்கள். அதற்கு நாலு வயது! வாயைத் திறந்து பல்லைக் காட்டியும் நம்பவில்லை.

ஆய்வகத்துத் தம்பி, நாலு மாதம் கழித்து வரும் முடிவை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? அதுவரை தீனி போட்டு நிறுத்திவைக்க யாரிடம் பணம் இருக்கிறது? விற்றவரைக் குறை சொல்லாதீர்கள்.

பண்ணை மேலாளர்

விற்றவரைக் குறை சொல்லத்தான் வேண்டும், அண்ணா. அப்படி ஒருவர் விற்ற மாடுதான் எங்கள் பண்ணைக்கு வந்தது. வாங்கும்போது இரத்தத்தில் எலிசா சோதனை (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது) செய்தோம், 'இல்லை' என்றது. அடுத்த ஈற்றில் கழிச்சல் தொடங்கியது.

புதிதாக மாடு வைப்பவர்களுக்குச் சொல்கிறேன். நோயின் தொடக்கக் கட்டத்தில் எலிசா பெரும்பாலும் பிடிக்காது. ஒரு முறை 'இல்லை' என்று வந்தால் நிம்மதி அடையாதீர்கள்; ஆண்டுதோறும் மந்தை முழுவதையும் சோதியுங்கள். கன்று ஈன்றவுடன் தாயிடமிருந்து பிரித்துச் சுத்தமான இடத்தில் விடுங்கள். பல மாடுகளின் சீம்பாலை ஒன்றாகக் கலந்து கன்றுகளுக்கு ஊட்டாதீர்கள். ஒரு நோய்ப்பசுவின் சீம்பால் போதும், அத்தனை கன்றுகளுக்கும் போய்விடும். பெரிய மாட்டின் சாணம் அள்ளிய கூடையில் கன்றுக்குத் தீவனம் எடுத்துப் போகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். சாணக் கரைசலைப் பாய்ச்சிய புல்லைக் கன்றுக்குப் போடாதீர்கள். இந்தக் கிருமி நிழலான ஈர மண்ணில் ஓராண்டு வரைகூடத் தாக்குப்பிடிக்கும். மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் பணத்தை மிச்சப்படுத்துங்கள், குணமாக்கும் மருந்து கிடையாது. தடுப்பூசி கழிச்சலையும் சாணத்தில் கிருமி வெளியேறுவதையும் குறைக்கும், தொற்றை முழுதாகத் தடுக்காது. போட்ட மாட்டுக்குக் காசநோய்த் தோல் சோதனையும் குழம்பிப் போகும்.

ஆய்வு மாணவி

உத்தரப் பிரதேசத்தில் மதுரா பக்கம் மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், ஜமுனாபாரி ஆட்டிலிருந்து பிரித்த நம் நாட்டுக் கிருமி வகையை வைத்தே தடுப்பூசி உருவாக்கியிருக்கிறார்கள். பட்டி வைத்திருக்கும் அண்ணா அதைப் பற்றி விசாரிக்கலாம்.

என்னை உறுத்துவது வேறு. ஒரு கூட்டத்தில் பேசி முடித்ததும் ஓர் இளைஞர் தனியாக வந்தார். அவருக்குக் குரோன்ஸ் நோய், அதாவது மனிதக் குடலில் வரும் நாட்பட்ட அழற்சி; குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். "எங்கள் வீட்டில் மாடு உண்டு. அதிலிருந்துதான் எனக்கு வந்ததா?" என்றார். 1984இல் குரோன்ஸ் நோயாளிகளின் குடலிலிருந்தே இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அதுதான் நோய்க்குக் காரணம் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. அதைச் சொன்னேன். "அப்படியென்றால் இல்லை என்றும் சொல்ல முடியாது, அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். பாலைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார்களா என்று கேட்டேன். கறந்த சூட்டோடு குடித்தே வளர்ந்தேன் என்றார்.

கால்நடை மருத்துவர்

கிடேரி என்ன ஆனது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: சாணத்தில் கிருமி இருந்தது. கன்று தரையில் விழுந்ததுமே பிரித்து, சோதனையில் தேறிய வேறு பசுவின் சீம்பாலைக் கொடுத்திருக்கிறோம். சினையில் இருக்கும்போதே தொற்றவும் வாய்ப்பு உண்டு என்பதால், கன்று வளர்ந்ததும் சோதிக்க வேண்டும். விற்க வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பட்டி அண்ணா கேட்ட அதே கேள்வியை அவரும் கேட்டார்: தீனிக்குப் பணம் யார் தருவார்?