ஊர் பேஸ்பாலைக் கெடுத்தது கல்லூரிப் பையன்களா?

விச்சிட்டாவாசி: அமெரிக்காவின் கான்சாஸ், டகோட்டா மாநிலத்து ஊர்களின் அரைத்தொழில்முறை பேஸ்பாலை, அதாவது வேறு வேலை பார்த்துக்கொண்டே கொஞ்சம் காசுக்கு ஆடும் ஆட்டத்தை, காலி செய்தது கல்லூரிப் பையன்கள்தான். பகலில் பட்டறை, சாயங்காலம் பந்து என்று இருந்த ஊர்க்காரனை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கல்லூரிப் பையன் கோடை விடுமுறைக்கு ஜூனில் வருகிறான், ஆகஸ்டில் போய்விடுகிறான். அவன் எப்படி நம் ஊர் ஆள்? 1935-ல் கான்சாஸின் விச்சிட்டாவில் ஹேப் டுமான்ட் நடத்திய முதல் தேசியப் போட்டியைப் பாருங்கள். வென்றது வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க். கார் வியாபாரி நீல் சர்ச்சில் நடத்திய அணி. பெரிய லீக்குகள் கறுப்பர்களைச் சேர்க்காத காலத்தில், அங்கே வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக ஆடினார்கள்.

மூன்றாம்பேஸ்: அண்ணே, அந்த அணியின் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், சாட்சல் பெய்ஜ் பிஸ்மார்க்கிலா பிறந்தார்? அலபாமாக்காரர்! காசு கொடுத்து ஆள் பிடிப்பது அப்போதே இருந்தது. தொலைக்காட்சி வந்து கூட்டம் கரைந்த பிறகும் தெற்கு டகோட்டாவின் பேசின் லீக் 1953 முதல் 1973 வரை தாக்குப்பிடித்ததே, யாரை வைத்து? கிரைட்டன் பல்கலைக்கழகத்து பாப் கிப்சன் சேம்பர்லெய்ன் ஊருக்கு ஆடினார். வின்னர் என்ற குட்டி ஊரில் 1963-ல் ஜிம் பால்மர் பந்து வீசினார், அப்போதுதான் பள்ளி முடித்திருந்தார். பின்னால் பெரிய லீக் நட்சத்திரங்களான இவர்களை அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு எப்படிப் பார்க்கக் கிடைத்திருக்கும்?

விச்சிட்டாவாசி: பெய்ஜ் விஷயம் சரி, விடுங்கள். ஆனால் அவருக்குக் கொடுத்தது வெளிப்படையான கூலி. அந்தக் காலத்தில் கல்லூரிப் பையன் ஆடுவதற்குக் காசு வாங்கினால் கல்லூரி அணியில் இடம் போய்விடும். அதனால் ஊரில் ஏதாவது வேலை போட்டுக் கொடுப்பார்கள். அந்த வேலையில் எவ்வளவு வேலை இருந்தது என்று என்னைக் கிளறாதீர்கள்.

பனிக்கரடி: அலாஸ்காவை மறந்துவிட்டீர்களே! ஃபேர்பேங்க்ஸில் ரெட் பௌச்சர் 1960-ல் தொடங்கிய கோல்ட்பேனர்ஸ் அணி முழுக்கக் கல்லூரிப் பையன்கள்தான். பின்னால் பெரிய லீக் நட்சத்திரமான டாம் சீவர் 1964-ல் வந்தபோது ஃப்ரெஸ்னோவில் இரண்டாண்டுக் கல்லூரி மாணவர், அவ்வளவுதான். ஜூன் 21 இரவு பத்தரை மணிக்கு விளக்கே போடாமல் தொடங்கும் நள்ளிரவுச் சூரிய ஆட்டத்தை இந்த அணிதான் காப்பாற்றி வந்தது.

விச்சிட்டாவாசி: காப்பாற்றியது சரி, தொடங்கியது யார்? 1906-ல் இரண்டு மதுக்கடைக்காரர்கள் கட்டிய பந்தயம் அது. ஆடியவர்கள் ஊர்க்காரர்கள்.

மூன்றாம்பேஸ்: ஐயோவாவின் கிளாரிண்டாவுக்குப் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். அங்கே வந்து ஆடிய கல்லூரிப் பையன், பின்னால் பெரிய லீக் நட்சத்திரமான ஆசி ஸ்மித். அவரை வெளியூர்க்காரர் என்றால் அந்த ஊர் உங்களைச் சும்மா விடாது.

விச்சிட்டாவாசி: நட்சத்திரமானவரைத்தான் எல்லா ஊரும் சொந்தம் கொண்டாடும். ஒன்றுமாகாமல் திரும்பிப் போன பையன்கள் யாராவது நினைவிருக்கிறார்களா என்றும் அங்கே கேளுங்கள்.