வாசலை மறித்த கூழ்ப் பந்தல்: இடைஞ்சலா, அம்மன் அழைப்பா?

வேப்பமரத்தடி:
போன ஞாயிறு நடந்தது இது. பெரம்பூர் பக்கம் எங்கள் சந்தில் இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். எனக்கு ஞாயிறும் வேலை. வண்டியை எடுக்கப் போனால் வாசலை மறித்துப் பந்தல்கால் நட்டிருக்கிறார்கள், ஆடிக் கூழ் ஊற்றும் நாளாம். அம்மா போனதிலிருந்து ஆறு வருஷமாக நான் சாமி கும்பிடுவதில்லை. எரிச்சலோடு நின்றவளின் கையில் எதிர்வீட்டுப் பாட்டி ஒரு சொம்பைத் திணித்து, "குடிச்சிட்டுப் போம்மா" என்றார். கேழ்வரகுக் கூழ், மேலே சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. நொய் சரியாகக் குழையாமல் பல்லில் தட்டியது. எங்கள் அம்மா காய்ச்சும் கூழிலும் நொய் அப்படித்தான் தட்டும். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டேன். வழி விட்டிருந்தால் நான் பாட்டுக்குப் போயிருப்பேன். இடைஞ்சல் என்று நாம் திட்டுகிற இடத்தில்தான் அம்மன் வந்து நிற்கிறாள் என்று நம்புகிறேன்.

மூலக்கடை:
உங்கள் அம்மாவை நினைத்து எழுதியிருக்கிறீர்கள், அதை மதிக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் ஆடி ஞாயிறு என்றால் காலை நாலரைக்கே ஸ்பீக்கர். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் அப்பா பதறி எழப் பார்க்கிறார், முடியாது, பேச்சும் வராது, இடது கை மட்டும் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கும். இதில் எந்த அம்மன் வந்து நிற்கிறாள்? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதே வருஷம் ஆகஸ்டில், நம் மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த ஒரு கிறிஸ்தவ சபை மீதான வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து வழிபடச் சொல்லி எந்த மதமும் சொல்லவில்லை என்றது.

பந்தல்கால்:
சார், நான் இருபது வருஷமாக எங்கள் தெருவில் கூழ் ஊற்றும் வேலையில் இருக்கிறேன். முந்தின நாளே மாவு கரைத்துப் புளிக்க வைத்து, ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறோம். பாட்டுப் போடாவிட்டால் தூக்குவாளி எடுத்துக்கொண்டு யார் வருவார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைத்திருப்பார்கள்.

மூலக்கடை:
இரண்டு வருஷமாகச் சொல்கிறேன். "சாமி காரியம் சார்" என்ற ஒரே பதில்தான்.

மெழுகுவத்தி:
நான் சபைக்குப் போகிறவள். டிசம்பரில் எங்கள் கேரல் குழு ராத்திரி ஒரு மணிக்கும் வரும். சின்ன வயதில் பாதித் தூக்கத்தில் எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று பாடியதைவிடப் பெரிய ஜெபம் எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் பெயர் கொடுத்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நானும் கூட்டத்தோடு போயிருக்கிறேன், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மத்தளத்தை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிடுவோம்.

வேப்பமரத்தடி:
அக்கா, நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனாலும் எனக்கு அது போதவில்லை. என்னிடம் முன்னாலேயே கேட்டிருந்தால் பந்தல் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், பெயரும் கொடுத்திருக்க மாட்டேன். கேட்காமல் வந்ததால்தானே அந்தச் சொம்பு என் கைக்கு வந்தது?

மூலக்கடை:
வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் இருந்தது. சொம்பை வாங்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே போயிருக்கவும் முடியும். அப்பா எங்கே போவார்?

வேப்பமரத்தடி:
அது உண்மை. பந்தலையும் ஸ்பீக்கரையும் நான் ஒன்றாகப் பேசியிருக்கக் கூடாது. அப்பா கட்டில் கம்பியைத் தட்டுவதாக நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் தெரு மறிக்கப்பட்டதற்காக மட்டும் யாரும் சண்டைக்குப் போக வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

பந்தல்கால்:
சார், உங்கள் தெருக் கமிட்டியில் எனக்குத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். வீடு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்லுங்கள், பெட்டியை வேறு பக்கம் திருப்பச் சொல்கிறேன். கூழும் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்கிறேன்.

மூலக்கடை:
திருப்ப வேண்டாம், ஆறு மணி வரை போடாமல் இருந்தால் போதும். கூழ் கொடுத்தால் வெங்காயம் போடாமல் கெட்டியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணியாக இருந்தால் அப்பாவுக்குப் புரையேறும்.