கிருமி இல்லாமலே சி.ஆர்.பி கூடுவது ஏன்?

வெள்ளவத்தை வாசகி:
58 வயது, சலரோகம், தொந்தி. காய்ச்சலோ புண்ணோ இல்லை. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி என்ற புரதத்தை நுட்பமாக அளக்கும் எச்.எஸ். சி.ஆர்.பி மட்டும் 4.2. உள்ளார்ந்த நிர்ப்பீடனம் (பிறவியிலேயே உள்ள நோயெதிர்ப்பு) தூண்டப்பட்டிருக்கிறதாம். தூண்டுவது எது? அடக்க மருந்து உண்டா?

கலவியல்காரன்:
உள்ளார்ந்த நிர்ப்பீடனக் கலங்கள் கிருமியை மட்டுமல்ல, சேதத்தையும் மோப்பம் பிடிக்கும். வயிற்றுக் கொழுப்பில் கொழுப்புக் கலங்கள் ஊதிச் சாகும்போது மக்ரோபேஜ்கள் என்ற விழுங்கும் கலங்கள் சூழ்ந்துகொள்ளும். அவற்றுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதத்தொகுதி இரண்டு படியில் இயங்குகிறது. முதலில் ரி.எல்.ஆர்.4 போன்ற வாங்கிகள் மரபணுக்களை இயக்கும் என்.எஃப். கப்பா பி-யை எழுப்பி, ஐ.எல்-1 பீற்றா என்ற அழற்சித் தூதுப்புரதத்தின் முன்வடிவத்தைச் செய்து வைக்கும். பிறகு கொலஸ்ரரோல் பளிங்கோ யூரிக் அமிலப் பளிங்கோ பட்டால், அல்லது கலத்தின் சக்தி உறுப்பான இழைமணி பழுதானால், என்.எல்.ஆர்.பி.3 இயக்கும் கஸ்பேஸ்-1 என்ற நொதியம் அந்த முன்வடிவத்தை வெட்டி வெளியே விடும். ஒரு படி மட்டும் நடந்தால் முழு ஐ.எல்-1 பீற்றா வராது. ஐ.எல்-1 பீற்றா, ஐ.எல்-6 என்ற இன்னொரு தூதுப்புரதத்தைக் கூட்ட, ஈரல் சி.ஆர்.பி செய்யும். வயதாகையில் இன்னொரு வழியும் சேரும்: முதிர்ந்த கலங்களில் டி.என்.ஏ கலச்சாறுக்குள் கசிந்து சிகாஸ்-ஸ்ரிங் என்ற எச்சரிக்கைப் பாதையை எழுப்பும்.

கொட்டாஞ்சேனை லாப்:
முதலில் ரிப்போர்ட்டைப் பாருங்கள். '6-க்குக் குறைவு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது சாதாரண சி.ஆர்.பி, இதய ஆபத்தைக் கணிக்க உதவாது. எச்.எஸ் என்றால் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 1-3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் சலரோகத்தின் தலையில் போடாதீர்கள், தொற்றைத் தேடுங்கள். டெங்கு, சளிக்காய்ச்சல், முரசு வீக்கம் எல்லாம் எண்ணைக் கெடுக்கும். சுகமாக இருக்கும்போது இரண்டு வார இடைவெளியில் இருமுறை எடுத்து, சராசரியைப் பாருங்கள். ஒற்றை 4.2-ஐ வைத்து முடிவு கட்டுவது அவசரம்.

மருந்தாளர்:
2017இல் வெளியான கன்ரோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் ஐ.எல்-1 பீற்றாவை மறிக்கும் கனகினுமாப் சோதிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கொரு 150 மில்லிகிராம் ஊசி, இதய நிகழ்வுகளை 15% குறைத்தது. ஆனால் உயிர்போக்கும் தொற்று கூடியது. புதிதாகச் சலரோகம் வருவதையும் தடுக்கவில்லை. விலையைக் கேட்கவே வேண்டாம். மலிவானது, அழற்சியைத் தணிக்கும் கொல்சிசின் மாத்திரை: நாட்பட்ட இதய நாடி நோயில் நாளுக்கு 0.5 மில்லிகிராம். சலரோகத்துக்கான மருந்தல்ல.

வெள்ளவத்தை வாசகி:
சிறுநீரகம் பழுதானால் கூடும் கிறியற்றினின் கூட என்றால்?

மருந்தாளர்:
அப்போது கொல்சிசின் உடம்பில் தேங்கும். வயிற்றோட்டம், தசைவலி, வெண்குருதிக் கலங்கள் குறைதல் வரலாம். சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எழுதினால் இரண்டும் சேர்ந்து உயிராபத்து. வைத்தியரிடம் மருந்துப் பட்டியல் முழுவதையும் காட்டுங்கள். எடை, சிகரெட், ஸ்ரற்றின் (கொலஸ்ரரோல் மருந்து) மூன்றையும் முதலில் கவனியுங்கள்; ஸ்ரற்றினே சி.ஆர்.பியைக் குறைக்கும்.